வெள்ளிக்கிழமை பாரிமுனைக்குப் போகாதீர்கள்

சென்னையின் பழைய பட்டணத்தை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். எழும்பூர் மியூசியம், புனித ஜார்ஜ் கோட்டை, பாரிமுனைப் பக்கத்து ஆர்மேனியன் தெரு, காளிகாம்பாள் கோயில். வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் இருந்தன. சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது 1,130 ரூபாய் தண்டம், உருப்படியாக உள்ளே போய்ப் பார்த்தது ஒரே ஒரு தேவாலயம். இரண்டு மாதம் கழித்து இன்னொரு நாள் ஒதுக்கி மறுபடியும் போக வேண்டியதாகிவிட்டது. இந்த இடங்களின் சரித்திரத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்தக் கதவு எப்போது சாத்தும் என்று வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. அதனால் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

மே மாதம், வெள்ளிக்கிழமை. காட்பாடியிலிருந்து காலை வண்டி பிடித்து சென்ட்ரலில் இறங்கும்போது பத்தே கால். முதலில் எழும்பூர் மியூசியம் என்று முடிவு. வெளியே வந்ததும் ஆட்டோ, 180 ரூபாய். பாந்தியன் சாலை வாசலில் இறங்கினால் கேட் பூட்டியிருக்கிறது. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை சார், லீவு" என்றார் காவலர். மியூசியம் என்றால் திங்கட்கிழமைதான் விடுமுறை என்று என் மண்டையில் எப்படியோ ஏறியிருந்தது. டெல்லி தேசிய அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடும், அந்த ஞாபகமாக இருக்கலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளி. தேசிய விடுமுறை நாள்களிலும் திறக்க மாட்டார்கள். சரி, கோட்டை மியூசியம் மத்தியத் தொல்லியல் துறையுடையது, அது வேறு இது வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த ஆட்டோ ஏறினேன், 250 ரூபாய். கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. நகரத்தின் இரண்டு பெரிய மியூசியங்களும் ஒரே நாளில் மூடுகின்றன. இந்த ஒரு வரி முன்னமே தெரிந்திருந்தால் பாதிப் பணம் மிச்சம்.

இந்த 430 ரூபாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பெரும்பகுதி செலவாகியிருக்கவே வேண்டாம். சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன், பத்து ரூபாய். அங்கிருந்து மியூசியம் பதினைந்து இருபது நிமிட நடை. பாரிமுனைப் பக்கம் போக வேண்டுமானால் உயர் நீதிமன்றம் என்றே ஒரு மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது, சென்ட்ரலுக்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது மண்ணடி. எழும்பூர் பச்சை வழித்தடம், உயர் நீதிமன்றம் நீல வழித்தடம், சென்ட்ரலில் மாற வேண்டும். தாம்பரம் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருபவர்களுக்கு இன்னும் சுலபம்: எழும்பூர், கோட்டை, கடற்கரை மூன்றும் ஒரே பாதையில் வரும். பாரிமுனைக்குள் ஆட்டோவில் நுழைவது வீண். ஒருவழிப் பாதைகளும் சரக்கு இறக்கும் வண்டிகளும் சேர்ந்து, நடந்தால் பத்து நிமிடத்தில் போகிற தூரத்துக்கு அரை மணி நேரம் ஆக்கிவிடும். இன்னொன்று, மெட்ரோ ஸ்டேஷன்களில் கழிப்பறை சுத்தமாக இருக்கும். பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுன் தெருக்களில் அது பெரிய பிரச்சினை, பெண்களுக்கு இன்னும் பெரிய பிரச்சினை. மெட்ரோவிலும் மியூசியத்திலும் வாய்ப்புக் கிடைக்கும்போதே முடித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

ஐநூறு ரூபாய் வேறொரு வழியில் போனது. பாரம்பரிய நடை (பழைய இடங்களை நடந்தே சுற்றிக் காட்டுவது) கூட்டிப் போகிறேன் என்று சமூக வலைத்தளத்தில் எழுதியிருந்த ஒருவருக்கு முன்பணம் அனுப்பியிருந்தேன். பதினொன்றரைக்குக் கோட்டை வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. ஆள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கோட்டை மியூசியம் மூடியிருக்கும் என்று தெரிந்த எவரும் அந்த நாளுக்குச் சம்மதித்திருக்கவே மாட்டார். அதைத்தான் நான் முதலில் யோசித்திருக்க வேண்டும். யாரையாவது அமர்த்துவதாக இருந்தால், "எந்தக் கிழமை நல்லது?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். எந்த நாளானாலும் சரி என்று பதில் வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.

கோட்டைக்குள் போவதில் சில விஷயங்கள் உண்டு. அது சுற்றுலாத் தலம் மட்டும் இல்லை. சட்டமன்றம், தலைமைச் செயலகம், ராணுவ அலுவலகங்கள் எல்லாம் அதே மதிலுக்குள் இருக்கின்றன. அதனால் ஆதார் மாதிரி ஏதாவது அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாளில் கெடுபிடி பல மடங்கு கூடிவிடும், வண்டியையும் எங்கோ தள்ளித்தான் நிறுத்த வேண்டும். கிளம்புவதற்கு முன் செய்தித்தாளில் கூட்டத்தொடர் உண்டா என்று பார்த்துவிடுங்கள். செயலகக் கட்டடத்தையும் ராணுவப் பகுதியையும் படம் எடுக்க நினைக்காதீர்கள். சனிக்கிழமை செயலகத்துக்கு விடுமுறை, மியூசியம் திறந்திருக்கும். கோட்டையைப் பார்க்க அதைவிட நல்ல கிழமை கிடையாது.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம். 1680-ல் அர்ப்பணிக்கப்பட்டது. இந்தியாவில் மிஞ்சியிருக்கும் பிரிட்டிஷ் கட்டடங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். மரத்தாலான உத்தரம் எதுவும் இல்லை. கூரை முழுக்க அரைவட்டமாக வளைத்துக் கட்டிய கனத்த வளைவு. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கட்டியது. ராபர்ட் கிளைவுக்கு 1753-ல் கல்யாணம் நடந்தது இங்கேதான். சென்னையின் கவர்னராக இருந்த எலிஹு யேலுக்கும் இங்கேதான். கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் ஜோப் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கு ஞானஸ்நானம் நடந்ததும் இங்கே, 1689-ல்.

ஆனால் அவசரப்பட்டு உள்ளே நுழைந்துவிடாதீர்கள். வெளிமுற்றத்தில் காலடியில் இருப்பதைப் பாருங்கள். முற்றம் முழுக்கப் பாவியிருப்பது கல்லறைக் கற்கள். லத்தீன், போர்ச்சுகீசியம், ஆர்மேனியன் என்று பல மொழி எழுத்துகள், குடும்பச் சின்னங்கள், சில கல்லில் மண்டை ஓடும் எலும்பும். ஆனால் அடியில் யாரும் இல்லை. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளின் மறைவில் நின்றுதான் கோட்டையைத் தாக்கியது. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் கல்லறைகளை இடித்துத் தரைமட்டமாக்கி, பெயர் பொறித்த கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். இரண்டே இரண்டு கல்லறைகளை விட்டுவைத்தார்கள். அதில் ஒன்று யேலின் மகன் டேவிடுடையது. மத்தியான வெயில் நேர்க்குத்தாக விழும்போது எழுத்து எதுவும் தெரியாது. காலையிலோ நாலு மணிக்கு மேலோ சாய்ந்த வெளிச்சத்தில் போனால் ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். நான் போனது பன்னிரண்டு மணிக்கு. பாதிக் கல்லை விரலால் தடவித்தான் படித்தேன். கல் கொதித்தது.

பிறகு ஆர்மேனியன் தெரு. இங்கேதான் இரண்டாவது அடி. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போகலாம் என்று நேரத்தைக் கடத்தி, ஆர்மேனியத் தேவாலய வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டே முக்கால். அது காலை ஒன்பதரைக்குத் திறந்து பிற்பகல் இரண்டரைக்கெல்லாம் மூடிவிடும். மரக்கதவின் இடுக்கு வழியாக முற்றத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கால் மணி நேரத்தில் தவறவிட்டது உண்மையிலேயே வயிற்றெரிச்சல். இப்போதுள்ள கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள். தெருவின் இரைச்சலிலிருந்து ஒரு கதவைத் தாண்டினால் முற்றத்தில் மரமும் தரையெல்லாம் ஆர்மேனிய எழுத்துப் பொறித்த கற்களுமாக வேறோர் ஊரே இருக்கும். இதெல்லாம் இரண்டாம் தடவை போனபோது பார்த்தது. அதே தெருவில்தான் அந்தோனியார் கோயிலும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அங்கே கூட்டம் தெருவையே அடைத்துக்கொள்ளும். படம் எடுக்கும் எண்ணமிருந்தால் செவ்வாயைத் தவிர்த்துவிடுங்கள்.

கோயிலுக்காவது போகலாம் என்று தம்புச் செட்டித் தெருவில் திரும்பினேன். மூன்று மணிக்கு எந்தக் கோயில் திறந்திருக்கும்? அது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு உச்சிக்கால பூஜைக்குப் பிறகு நடை சாத்துவார்கள் என்பது புதிதா என்ன? மியூசியம் போன கோபத்தில் மூளை வேலை செய்யவில்லை. காளிகாம்பாள் கோயில் சாயங்காலம்தான் மறுபடி திறக்கும். 1677-ல் சிவாஜி இங்கே வந்து வணங்கியதாகச் சொல்வார்கள். சுதேசமித்திரனில் வேலை பார்த்த காலத்தில் பாரதியார் அடிக்கடி வந்ததாகவும் சொல்வார்கள். ஒரு டீ குடித்துவிட்டு, திண்ணை மாதிரி இருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வேறு வேலை இல்லாததால் எம்டன் கல்லைத் தேடிப் போனேன். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு போட்டது. துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரே பயந்து காலியானதாகச் சொல்வார்கள். "அவன் சரியான எம்டன்" என்று இன்றைக்கும் நாம் சொல்கிறோமே, அது அந்த ராத்திரி நம் பேச்சில் விட்டுப்போன சொல்தான். உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் ஒரு நினைவுக் கல் பதித்திருக்கிறார்கள். சின்னதுதான். முன்னால் பைக் நின்றால் தெரியவே தெரியாது. நான் இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்து கண்டுபிடித்தேன். இதற்குக் கதவும் இல்லை, கிழமையும் இல்லை, சீட்டும் இல்லை.

உயர் நீதிமன்றத்துக்குள் போக முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். வேலை நாளில் அது வழக்காடும் இடம். சும்மா சுற்றிப் பார்க்க விடுவார்கள் என்று எண்ணிப் போகாதீர்கள். ஏற்பாடு செய்த பாரம்பரிய நடை ஏதாவது இருந்தால் அதோடு போவதுதான் வழி. வெளியே நின்றே பார்க்க நிறைய இருக்கிறது. 1892-ல் திறந்த இந்தோ-சாரசெனிக் கட்டடம், அதாவது இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய பாணிகளைக் கலந்து கட்டியது. அதன் உயரமான கோபுரம் 1894-லிருந்து 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் வேலை செய்தது. அதே வளாகத்தில் தனித்தூணாக நிற்கிறதே, அது அதற்கு முந்தைய கலங்கரை விளக்கம், 1844-ல் ஏற்றியது. அதற்கும் முந்தையது கோட்டை மியூசியம் இருக்கும் கட்டடத்தின் உச்சியில், 1796-லிருந்து. நான்காவது மெரினாவில் இப்போது நிற்பது. அதில் மேலே போக லிஃப்ட் உண்டு, ஆனால் அதற்கு வார விடுமுறை திங்கட்கிழமை, அதுவும் மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று வரை மூடியிருக்கும். நான்கையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படுபவர்கள் வெள்ளியையும் திங்களையும் விட்டுவிட்டுத்தான் மற்ற நாள்களைப் பார்க்க வேண்டும்.

அன்று ஐந்து மணிக்கு சென்ட்ரலுக்குத் திரும்ப ஆட்டோ, 200 ரூபாய். கால் வீங்கியிருந்தது, மெட்ரோ நினைவே வரவில்லை. 180, 250, 500, 200. வெயிலில் வாங்கிக் குடித்த தண்ணீரும் மோரும் இதில் சேரவில்லை.

இரண்டாம் தடவை சனிக்கிழமை போனேன். இம்முறை வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, எது முதலில் மூடும் என்ற வரிசையில் போட்டேன். கோயில்கள் உச்சிவேளைக்கு, ஆர்மேனியத் தேவாலயம் இரண்டரைக்கு, மியூசியங்கள் ஐந்துக்கு. சீட்டு கொடுப்பதை அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள், அதனால் நாலரையை முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு மண்ணடி மெட்ரோவில் இறங்கி முதலில் காளிகாம்பாள். அங்கிருந்து தேவராஜ முதலித் தெரு பக்கம் சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர். பட்டணம் கோயில் என்று பெயர். இப்போது உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் இருந்த கோயிலை 1757-ல் கிழக்கிந்தியக் கும்பினியார் இடித்துவிட்டு, பிறகு இங்கே கட்டிக்கொள்ள நிலம் கொடுத்தார்கள். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டியது. பெருமாளும் சிவனும் பக்கத்துப் பக்கத்தில். புரட்டாசிச் சனிக்கிழமையாக மட்டும் பார்த்துவிடாதீர்கள், நெரிசலில் சிக்கிக்கொள்வீர்கள். காலை நேரம் என்பதால் பிராகாரக் கல் சுடாது. பத்தரைக்கு மேல் போகிறவர்கள் பழைய காலுறை ஒரு ஜோடி பையில் வைத்துக்கொள்ளுங்கள், சிரிக்க வேண்டாம், பிறகு புரியும். எட்டு மணிக்குப் போவதில் இன்னொரு லாபம், கடைகள் திறந்திருக்காது. பவழக்காரத் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் பெயர்ப்பலகைகளுக்கு மேலே கண்ணை ஓட்டினால் பழைய மரத் தூண், சுண்ணாம்புப் பூவேலை, மாடி வராந்தா எல்லாம் தெரியும். பத்து மணிக்கு மேல் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தட்டுவண்டி மோதும்.

ஒன்பதரைக்கு ஆர்மேனியத் தேவாலயம், அரை மணி நேரம் போதும். பத்தரைக்குக் கோட்டை. மியூசியத்தில் நுழைந்ததும் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிலையின் முகத்தை விட்டுவிட்டுப் பீடத்தைப் பாருங்கள். 1792-ல் திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். வென்றவன் செதுக்க வைத்த சிற்பம், அதனால் எல்லோரும் ரொம்ப நாகரிகமாக நிற்கிறார்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியும் இங்கேதான், மங்கலான வெளிச்சத்தில். துணி வெளுக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கண் பழகுவதற்கு ஒரு நிமிடம் கொடுங்கள். மியூசியத்துக்கு ஒன்றரை மணி நேரம், தேவாலயத்துக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணிக்கு வெளியே வரலாம். சாப்பாட்டை பாரிமுனையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருபவர்கள் அதை நம்ப வேண்டாம், அலுவலகக் கூட்டத்தை நம்பி நடக்கும் மெஸ்கள் பலவும் அன்று திறக்காது.

இரண்டரைக்கு எழும்பூர். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, முதலில் கண்ணில் படும் கட்டடத்திலிருந்து வரிசையாகப் பார்க்கத் தொடங்குவது. 1851-ல் தொடங்கிய மியூசியம். வளாகத்தில் பல கட்டடங்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட கூடங்கள். பாடம் செய்த பறவைகளையும் திமிங்கில எலும்பையும் பார்த்து முடிப்பதற்குள் நாலு மணியாகி, செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்துக்கு ஓட வேண்டி வரும். நேரே அங்கே போங்கள். பிள்ளைகள் கூட இருந்தால் திமிங்கிலத்தைக் கடைசியில் காட்டுங்கள். செப்புத் திருமேனிகளுக்கு அடுத்து அமராவதியின் பழைய பௌத்தச் சிற்பங்கள். கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும், வாசலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள், மேலே போய்த் திரும்பி வருவது அலைச்சல்.

செப்புக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள், தப்பில்லை. ஆனால் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. பின்பக்கம் போக இடம் இருந்தால் கண்டிப்பாகப் போய்ப் பாருங்கள். சிவன் பாதியில் ஆடை தொடையோடு நிற்கிறது, அம்மை பாதியில் கணுக்கால் வரை இறங்குகிறது. அந்தப் பிரிவுக் கோடு முதுகுத்தண்டின் மேல் எங்கே போகிறது என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது நாலே முக்காலுக்குக் காவலர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார்.